ஓடிபியை யாருக்குமே சொல்லலைங்க, அப்புறம் எப்படிப் பணம் போச்சு?

வேலந்தாவளத்தில் இருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு அடிக்கும் பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் போன வாரம் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தார். வண்டி தமிழ்நாட்டுப் பதிவு. அவர் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வண்டி நம்பர் சரியாகப் போட்டு, அரசு முத்திரை ஒன்றும் வைத்து, அபராதம் பாக்கி இருக்கிறது, ரசீதைப் பார்க்கக் கீழே உள்ள ஃபைலைத் திறக்கவும் என்று ஆங்கிலத்தில். திறந்தார். இன்ஸ்டால் பண்ணவா என்று போன் கேட்டது, சரி என்றார். எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டது, அதற்கும் சரி. ஒரு ரூபாய் கட்டி வண்டியை உறுதி செய்யவும் என்று ஏடிஎம் கார்டு விவரம் கேட்டது, அதையும் அடித்தார். விடிந்து பார்த்தால் டயர் மாற்ற எடுத்து வைத்திருந்த பணம் கணக்கில் இல்லை.

இந்த மாதிரி கேஸ் என் கடைக்கு வருவது புதிதல்ல. எரிச்சல் எங்கே வந்தது என்றால், கூட வந்தவர்கள் என் பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்த வாதத்தில். ஒருவர், கூகுளில் இருந்தே ஆயிரத்து அறுநூறு கோடி பாஸ்வேர்டு கசிந்துவிட்டது, இனி யார் போனும் பத்திரமில்லை என்றார். இன்னொருவர், ஐபோன் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றார். மூன்றாவது ஆள், எல்லாம் சைனா போனால் வந்த வினை என்றார். பணத்தைப் பறிகொடுத்தவர் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணா, நான் ஓடிபியை யாருக்குமே சொல்லலைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லைதான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் இன்று விளக்கமாக எழுதிவிடுகிறேன். கடையில் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது.

ஓடிபியைச் சொல்லாதே என்ற அறிவுரை, போன் செய்து ஏமாற்றும் ஆட்களுக்காக வந்தது. பேங்க் மேனேஜர் பேசுகிறேன், உங்கள் கார்டு பிளாக் ஆகப்போகிறது, வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்பார்களே, அவர்களுக்காக. அந்த அறிவுரை இன்றும் சரி. ஆனால் நம் ஆட்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். வாயைத் திறக்காத வரைக்கும் பணம் போகாது என்று. அவர் திறந்தது ஏபிகே (.apk) ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல். அதற்கு உங்கள் வாய் தேவையே இல்லை. எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்த நிமிடத்தில் இருந்து, உங்கள் போனுக்கு வருகிற ஒவ்வொரு மெசேஜும் உங்கள் கண்ணில் படும் நேரத்திலேயே வேறெங்கோ இருக்கும் ஒருவன் கண்ணிலும் படுகிறது. வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லைதான், ஆனால் சாவி தொங்கும் ஆணிக்குக் கீழேயே திருடனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தாயிற்று.

இன்னும் ஒரு படி இருக்கிறது, இதைப் பலரும் யோசிப்பதில்லை. புதுப் போனில் யூபிஐ போடும்போது, உங்கள் சிம்மில் இருந்து வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும், பார்த்திருப்பீர்கள். இந்த நம்பர் இந்த ஆளிடம்தான் இருக்கிறது என்று வங்கி நம்புவது அதை வைத்துத்தான். எஸ்எம்எஸ் அனுப்பவும் அனுமதி வாங்கிவிட்ட ஆப், அந்த மெசேஜை உங்கள் சிம்மில் இருந்தே அனுப்பித் தரும். யூபிஐ திறப்பது அவன் போனில். அப்புறம் புது பின் வைக்க கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம், வருடம், ஒரு ஓடிபி. கார்டு விவரத்தை ஒரு ரூபாய் கட்டுவதாக நினைத்து நீங்களே அடித்துக் கொடுத்துவிட்டீர்கள். ஓடிபி தானாகவே போய்விடும். சில ஆப்கள் தன்னையே போனின் மெசேஜ் ஆப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். அப்போது ஓடிபி வந்த சத்தம்கூடக் கேட்காது. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தாரா, முழித்திருந்தாரா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் பக்கத்தில் இந்தச் சலான் (அபராத ரசீது) மோசடி இவ்வளவு சுலபமாக எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் 2023 ஜூனில் இருந்து 726 கேமராக்கள் வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் வழியாகத் தினமும் வந்து போகிற தமிழ்நாட்டு வண்டிக்காரர்களுக்கு, எங்கே எந்தக் கேமரா பிடித்தது என்றே தெரியாது. சீட் பெல்ட் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. அதனால் சலான் என்று வந்தால் நம்பிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு இந்த எல்லையில் எங்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்கத் தடுமாறுவோம். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஆங்கிலமும் அப்படியே. அரசாங்கத்தில் இருந்து வந்தது என்றாலே புரியாத மொழியில்தான் இருக்கும் என்று பழகிவிட்டது. புரியவில்லை என்பதே இங்கே நம்பிக்கைக்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

அடுத்தது, அனுப்பியவர் யார்? பெரும்பாலும் தெரிந்தவர். ஒருவர் போனுக்குள் புகுந்ததும் அவருடைய காண்டாக்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் அதே ஃபைல் போகிறது. மச்சான் அனுப்பியது, பால் சொசைட்டிச் செயலாளர் அனுப்பியது என்று திறக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எல்லாம் பூட்டி வருகிறது, நடுவில் யாரும் கை வைக்க முடியாது என்றும் ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். 2016 ஏப்ரலில் இருந்து அப்படித்தான். அனுப்பிய விஷமும் சிந்தாமல் சிதறாமல் வந்து சேரும் என்பதுதான் அதற்குப் பொருள்.

சரி, அந்த ஆயிரத்து அறுநூறு கோடிக்கு வருவோம். 2025 ஜூனில் வந்த செய்தி. கூகுள், ஆப்பிள், பேஸ்புக் என்று பெயரெல்லாம் போட்டு எல்லா டீக்கடையிலும் பேசினார்கள். கூகுளின் கம்ப்யூட்டரை உடைத்து யாரும் எடுத்ததில்லை அது. பெரும்பகுதி, தனித்தனி ஆட்களின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு திருடும் புரோகிராம்கள் சேர்த்த பழைய குப்பை, ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. ஒரே பாஸ்வேர்டு பலமுறை எண்ணப்பட்டதும் அதில் உண்டு. அந்தப் புரோகிராம்கள் எப்படி உள்ளே வருகின்றன? இங்கே ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் போய்ப் பாருங்கள். கிராக் போட்ட, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டும் போட்டோஷாப், அதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஒரு ஃபைல். நிறுத்தச் சொல்கிற புரோகிராமை நம்பி ஆன்டிவைரஸை நிறுத்துகிறவரிடம் நான் என்ன பேச? அதே கம்ப்யூட்டரில் பிரவுசருக்குள் பாஸ்வேர்டையும் சேமித்து வைத்திருப்பார். அவர்தான் கூகுளைத் திட்டுவதில் முதல் ஆள்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க நீலத் திரையாகி விமானங்கள் நின்றபோதும் இதே கதைதான். பெரிய வைரஸ், சைபர் போர் என்றார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான ஒரு அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. யாரும் தாக்கவில்லை. அந்த மென்பொருள் பெரிய கம்பெனிகளில்தான் இருக்கும், நம் அரிசி மில்லில் இருக்காது. ஆனால் அன்றைக்குப் பிறகு, அப்டேட் போட்டால் ஆபத்து என்று நிறுத்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்டேட் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் வந்தபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களே மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இரண்டு மாதம். இப்போது விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தேங்காய் மண்டியிலும் மில்லிலும் கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஓடுகிறதே, எதற்கு மாற்றணும் என்பார்கள். ஓடுகிற வரைக்கும் எல்லாமே ஓடும்.

மற்ற வாதங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். வெப்சைட்டில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்பது பழைய பாடம். அந்தப் பூட்டு வரத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும் கிடைக்கும். குரோமிலேயே 2023 செப்டம்பரில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். ஐபோனில் ஏபிகே ஏறாது, சரி. ஆனால் போலிப் பக்கத்தில் கார்டு விவரம் அடிக்க எந்தப் போனும் தடை சொல்லாது. ரயில்வே ஸ்டேஷனில் சார்ஜ் போட்டால் போனைத் திருடுவார்கள் என்பது 2011இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் செய்து காட்டிய விஷயம். அதனால் பணம் போனது என்று என் மேஜைக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. ஏபிகேயால் போனவை தான் வருகின்றன.

இனி செய்ய வேண்டியது. வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஃபைலின் பெயரும் ஏபிகே என்று முடிந்தால் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்றாலும், பிஎம் கிசான் என்றாலும், பேங்க் கேஒய்சி என்றாலும். எந்த அரசும் சலான் ரசீதை ஆப்பாக அனுப்பாது. வண்டி விவரம் பார்க்கும் அரசு ஆப்பான எம்பரிவாகன் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் இருக்கிறது, சலானைப் பரிவாகன் தளத்தில் நீங்களே வண்டி நம்பர் போட்டுப் பார்க்கலாம். தளத்தின் முகவரி டாட் கவ் டாட் இன் (.gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் பரிவாகன் என்று எழுதியிருந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது அரசுத் தளமே கிடையாது. பார்க்கத் தெரியவில்லையா, வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்பதைத் தேடுங்கள். அங்கே வாட்ஸ்அப்புக்கு எதிரே அனுமதி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அப்படியே பெர்மிஷன் மேனேஜரில் எஸ்எம்எஸ் அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் மெசேஜ் எதற்கு? திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தொடவும் ஆப்புக்கு வழிவிடும் அக்செசிபிலிட்டி அனுமதியும் அப்படித்தான். அது போனால் திரையே போனதுபோல.

பெரிய பணம் உள்ள கணக்குக்கு வேறு நம்பர் வையுங்கள். யூபிஐக்குச் சின்னக் கணக்கு போதும். பலரும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே நம்பர். அதில் பிரயோஜனமில்லை, ஒரு நம்பரைப் பிடித்தால் அதில் இணைந்த எல்லாக் கணக்கையும் யூபிஐ காட்டும். நெல்லுக்குச் சப்ளைகோ என்ற கேரள அரசு நிறுவனத்தில் இருந்து வருகிற பணம், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், இதெல்லாம் இருக்கும் கணக்கின் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டில் வையுங்கள். பட்டன் போனில் ஏபிகே ஏறாது. அம்மாக்களிடம் இதைச் சொன்னால் ஒரே தடவையில் புரிந்துகொள்கிறார்கள், படித்த பிள்ளைகள்தான் என்னோடு வாதாடுகிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்கள் என்றால், முதலில் ஏரோப்ளேன் மோடு போடுங்கள், சிம்மைக் கழற்றுங்கள். பிறகு வேறு போனில் இருந்து 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எங்காவது நிறுத்த முடியுமா என்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கார்டையும் யூபிஐயையும் நிறுத்துங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து போனை அழித்து ரீசெட் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள். அந்த ஃபைல், அனுப்பிய நம்பர், வந்த நேரம் எல்லாம் போலீசுக்குத் தேவை. ஸ்கிரீன்ஷாட் எடுக்க அந்தப் போனையே பயன்படுத்தாமல், இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள்.

வங்கியில், உங்கள் தவறு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அப்படியே வந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்ற நிலையில், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பில்லை. உங்கள் அலட்சியம் என்று முடிவானாலும், நீங்கள் தகவல் சொன்ன பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. கார்டு விவரத்தை நீங்களே அடித்த கேஸில் வங்கி முதல் விதியை ஒத்துக்கொள்ளாமல் இழுக்கும். ஆனால் இரண்டாவது விதிக்கு, நீங்கள் சொன்ன நேரம் எழுத்தில் இருந்தாலே போதும். அதனால்தான் எழுத்தில் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள் என்கிறேன்.

கடைசியாக, எங்கள் ஊருக்கே உரிய ஒரு தலைவலி. வீடு கேரளத்தில், கணக்கு பொள்ளாச்சிக் கிளையில், சிம் தமிழ்நாட்டு அட்ரஸில், பணம் போய்ச் சேர்ந்தது வடக்கே எங்கோ. எந்த ஸ்டேஷன் என்று கேட்டு இரண்டு பக்கமும் அலையவிடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஆகவே பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதுங்கள். எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும்.