வரிக்குதிரை: பேரில் குதிரை, உறவில் கழுதை

வரிக்குதிரை (பெயர்ச்சொல்): உடல் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடோடிய ஆபிரிக்க விலங்கு. பேச்சில் 'சீப்ரா'.

'வரி' என்றதும் பிரதேச சபைக்குக் கட்டுவதுதான் இன்று முதலில் நினைவுக்கு வரும். இங்கே பொருள் அதுவல்ல, கோடு. புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பெருங்கோப்பெண்டு வெள்ளரிக்காயை 'அணில்வரிக் கொடுங்காய்' என்கிறாள். அணிலின் முதுகில் உள்ளதுபோல் கோடு விழுந்த வளைந்த காய். வரிப்புலி என்பதிலும் இதே வரிதான்.

எழுதும்போது 'க்' விடக்கூடாது. வரியை உடைய குதிரை என்று விரியும் தொகை இது. 'ஐ' உருபும் 'உடைய' என்ற சொல்லும் மறைந்து நிற்பதால் வல்லெழுத்து மிகும். 'வரிகுதிரை' என்று எழுதினால் அது வினைத்தொகை ஆகிவிடும். வரிந்து கட்டிய குதிரை என்றுதான் பொருள் கொள்ள நேரும்.

சீப்ரா என்ற சொல் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்துக்கு அதைக் கொடுத்தவர்கள் போர்த்துக்கேயர், நமக்குப் பாணையும் சப்பாத்தையும் அலுமாரியையும் தந்த அதே ஆட்கள். அவர்களுடைய ஊரில் முன்னர் 'செப்ரோ' என்றொரு காட்டுவிலங்கு திரிந்தது. கழுதையை ஒத்தது, இன்று இல்லை. ஆபிரிக்காவைச் சுற்றிக் கப்பலோட்டியபோது அங்கே கண்ட கோட்டு விலங்குக்கு அந்தப் பழைய பெயரையே வைத்தார்கள். செப்ரோவின் வேர் 'காட்டுக்குதிரை' என்னும் பொருளுள்ள ஓர் இலத்தீன் சொல் என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ஆக, சீப்ரா என்ற பெயரில் கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய உரோமில் இந்த விலங்குக்கு வழங்கிய கிரேக்கப் பெயர் 'ஹிப்போதிக்ரிஸ்', அதாவது குதிரைப்புலி. நம் சொல்லுக்குக் கிட்ட வருவது அதுதான். சீப்ராவைவிட வரிக்குதிரை விலங்கை நன்றாகக் காட்டுகிறது என்பதே என் முடிவு. ஒரே ஒரு இடத்தில்தான் அது வழிமாற்றும்.

அந்த இடம் 'குதிரை'. உயிரியல் பாடத்தில் சாதி, அதற்குள் இனம் என்று பிரிக்கிறோமே, அந்தக் கணக்கில் குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் 'ஈக்குவஸ்' என்ற ஒரே சாதி. ஆனால் ஏறக்குறைய 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் குதிரையின் கிளை தனியே போய்விட்டது. கழுதையும் வரிக்குதிரையும் அதன் பிறகும் நெடுங்காலம் ஒரே கிளையில் இருந்தன. ஆகவே வரிக்குதிரைக்குக் குதிரையைவிடக் கழுதையே நெருங்கிய சொந்தம்.

இதைப் பார்க்க ஆபிரிக்கா போகவேண்டியதில்லை. மன்னார் நகர வீதிகளில் நிற்கும் கழுதை ஒன்றைக் கவனித்தால் போதும். முதலில் வால்: அடியில் குட்டை மயிர், நுனியில் மட்டும் குஞ்சம், மாட்டுவால்போல. வரிக்குதிரையின் வாலும் அப்படியே. குதிரைக்கோ வாலின் அடியிலிருந்தே நீள மயிர் தொங்கும். அடுத்தது பிடரி. கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் அது குட்டையாக நிமிர்ந்து நிற்கும். குதிரைக்குச் சரிந்து விழும், நெற்றியிலும் ஒரு கற்றை வரும். பல கழுதைகளுக்கு முதுகு நெடுகிலும் ஒரு கருங்கோடும், தோளில் அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடும் இருக்கும். கடைசி அடையாளத்துக்குக் குனிந்து பார்க்கவேண்டும், உதை விழாத தூரத்தில் நின்று. காலின் உட்பக்கத்தில் மயிரில்லாமல் காய்ப்புப்போல ஒரு தடிப்பு இருக்கும். குதிரைக்கு வழக்கமாக நான்கு காலிலும் உண்டு. கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் முன்னங்காலில் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்கக் குதிரை வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குத்தான் படகேற வேண்டும்.

நிறமூர்த்த (கலத்தினுள் பரம்பரை இயல்பைச் சுமக்கும் இழை) எண்ணிக்கையை வைத்து மட்டும் இந்த உறவை அளக்கமுடியாது. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. வரிக்குதிரையில் மூன்று இனம்: கிறெவி வரிக்குதிரைக்கு 46, சமவெளி வரிக்குதிரைக்கு 44, மலை வரிக்குதிரைக்கு 32. குதிரையையும் சமவெளி வரிக்குதிரையையும் சேர்த்தால் குட்டி பிறக்கும். ஒன்றிலிருந்து 32, மற்றதிலிருந்து 22, ஆக 54. ஆனால் அவை சரிவரச் சோடி சேராததால் அந்தக் குட்டி பொதுவாக மலடு. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கும் இதே கதி, அதற்கு 63.

கிறெவி என்பதைக் குழம்பு என்று எண்ணவேண்டாம். 1882இல் எதியோப்பியாவிலிருந்து ஒரு விலங்கு பிரான்சுக்கு அனுப்பப்பட்டது, அன்றைய சனாதிபதி ஜூல் கிறெவியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இந்த இனம் கழுதைபோலவே கத்தும். சமவெளி இனம் 'குவா-கா' என்று குரைக்கும். தென்னாபிரிக்காவில் அதன் ஒரு வகைக்குக் 'குவாகா' என்று பேர் விழுந்ததும் அந்தக் குரலாலேயே. உடலின் பின்பாதியில் கோடில்லாத அந்த வகையின் கடைசி விலங்கு 1883இல் அம்சர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் செத்தது.

கோடு எதற்கு? தோல் முழுவதும் கறுப்பு. வெள்ளை என்பது மயிரில் மட்டும். புலி, சிங்கத்திடமிருந்து ஒளிய என்பது பழைய விளக்கம் (ஆபிரிக்காவில் புலியே கிடையாது என்பது வேறு). இன்று வலுவாக நிற்பது இலையான் விளக்கம். மாட்டைக் கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய இலையான்கள் கோட்டுக்குக் கிட்ட வந்தும் சரியாக இறங்கமுடியாமல் மோதியோ விலகியோ போகின்றன. குதிரைகளுக்குக் கோடுபோட்ட போர்வை போர்த்திப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. போர்வை மூடிய இடத்தில் இலையான் இறங்குவது குறைந்தது, மூடாத தலையில் குறையவில்லை.

குதிரையை மனிதன் பழக்கி 4,000 ஆண்டுக்கு மேலாகிறது. வரிக்குதிரையைத் தனித்தனியே வண்டியில் பூட்டியவர்கள் உண்டு, வளர்ப்பு விலங்காக்கியவர் இல்லை. மிரண்டால் கடிக்கும், கடித்தால் விடாது. ஆபிரிக்கக் குதிரை நோயின் வைரசு வரிக்குதிரையில் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் இருக்கும், சிறு கொசுக்கள் வழியே குதிரைக்குப் போனால் குதிரை பெரும்பாலும் சாகும். இரண்டையும் ஒரே பட்டியில் கட்டுவது அதனால் ஆபத்து.

அப்படியானால் 'வரிக்கழுதை' என்று மாற்றவேண்டுமா? வேண்டாம். வரிக்குதிரையிலுள்ள குதிரையை இனப்பெயராக எடுக்காமல் சாதிப்பெயராக எடுத்தால் பிழை எதுவுமில்லை. பாடக்குறிப்பில் மூன்று இனத்தையும் சமவெளி, மலை, கிறெவி என்று முன்னொட்டோடு எழுதினால் போதும். ஆங்கிலத்தைப் பார்த்து வீதியைக் கடக்கப் போட்ட கோடுகளை 'வரிக்குதிரைக் கடவை' என்று பெயர்ப்பதுதான் தேவையில்லாத வேலை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஏ9 வீதியைக் கடக்கிறவர்களுக்கு அது மஞ்சள் கடவை; எழுத்தில் பாதசாரிகள் கடவை.