மணிக்கட்டு உடைந்தால் மாவுக்கட்டா, பிளேட்டா?

வழுக்கி விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். போன ஐப்பசி மழையில் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வாசற்படியில் என் பெரியம்மாவும் அப்படித்தான் விழுந்தார். கை வீங்குவதற்குள் சோப்பு போட்டு வளையலைக் கழற்றினோம், அதற்குள்ளேயே வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது: அண்ணனுக்கு பிளேட் வைக்க வேண்டும், சித்தப்பாவுக்கு புத்தூர் கட்டு.

உடைந்தது முன்கையில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் ஆரை எலும்பின் கீழ்முனை, அதாவது மணிக்கட்டை ஒட்டிய முனை. 1814-இல் டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்த முறிவு இது, அப்போது எக்ஸ்ரே எல்லாம் கிடையாது.

மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதில் மெல்லிய திசு வளர்ந்து, அப்புறம் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகி, எலும்பு தானேதான் சேர்கிறது. சுமார் ஆறு வாரம் நகராமல் பிடித்துக்கொள்வதுதான் கட்டின் வேலை. பிளேட்டும் ஸ்க்ரூவும் உள்ளே இருந்து செய்வதும் அதையேதான். ஆக, கேட்க வேண்டியது ஒன்றே: நேராக்கிய எலும்பு அப்படியே நிற்குமா? மூட்டுப் பரப்பு படிபோல விலகியிருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்திருந்தாலோ பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். பிரிட்டனில் 500 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பை இழுத்து நேராக்கியபின் பாதிப் பேருக்கு மாவுக்கட்டு, மீதிப் பேருக்கு பிளேட் இல்லை, எலும்பில் செருகிப் பிடிக்கும் மெல்லிய கம்பி. ஒரு வருடம் கழித்து வலியிலும் கையின் வேலையிலும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆனால் மாவுக்கட்டுக்காரர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஆறு வாரத்துக்குள் எலும்பு நழுவி ஆபரேஷன் தேவைப்பட்டது. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடும், அதனால்தான் முதல் இரண்டு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். "வலி இல்லையே" என்று அதைத் தள்ளிப்போடுவது சுத்த மடத்தனம்.

பிளேட் வைத்தால் கையைச் சீக்கிரம் அசைக்கலாம், சரி. சீழ் பிடிப்பதும், தசைநார் அதில் உரசுவதும் அதன் மறுபக்கம். வயதானவர்களுக்கு எலும்பு லேசாகக் கோணலாகச் சேர்ந்தாலும் கை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். பெரியம்மா மாவுக்கட்டோடு நின்றுவிட்டார். இப்போது சப்பாத்தி மாவு பிசைகிறார், பழைய வளையல்தான் ஏற மறுக்கிறது.

இன்னொன்று, சில்வர் பீச்சில் பந்து விளையாடுகிற பையன்களுக்கு. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு பள்ளம் தெரியும், மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுகிற இடம். விழுந்தபின் அங்கே அழுத்தி வலித்தால் மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடக்கும், சேர நாளாகும், சில சமயம் சேராமலே போகும். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதும் உண்டு, அதனால் கட்டுப் போட்டு பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுப்பார்கள்.