கன்டெய்னர் போகட்டும், கணக்கு இருக்கட்டும்

என் வரவுசெலவுக் கணக்கு முழுவதும் அலமாரி ஓரத்தில் கிடக்கும் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் இருக்கிறது. அதில் ஓடும் கணக்குச் செயலியை இந்த வாரம் மட்டும் மூன்று முறை அழித்தேன். தவறுதலாக அல்ல, வேண்டுமென்றேதான். மூன்று முறையும் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து வந்தது. கணக்கில் ஒரு வரிகூடக் குறையவில்லை. அழிப்பது இவ்வளவு சாதாரண வேலையாக எப்படி ஆனது என்பதில்தான் கன்டெய்னரின் சூட்சுமம் இருக்கிறது. எதை அழிக்கக் கூடாது என்று தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை அப்புறம்.

செலவு குறித்துவைக்கும் செயலிகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவை நம் கணக்கை வேறு யாருடைய சர்வரிலோ வைக்கின்றன. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, எந்த மாதம் மருத்துவச் செலவு ஏறியது, யாருக்குக் கடன் கொடுத்தோம் என்று ஒரு கணக்குப் புத்தகம் சொல்லிவிடுகிற அளவுக்கு நாட்குறிப்புகூடச் சொல்லாது. அந்த நிறுவனம் கடையை மூடினால் புத்தகமும் சேர்ந்தே போகும். அதனால் சிலர் செயலியையே தங்கள் கணினியில் ஓட்டிக்கொள்கிறார்கள். இதற்கென்றே கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அதிகம் பேசப்படுபவை இரண்டு: ஃபயர்ஃப்ளை III, ஆக்சுவல் பட்ஜெட். முதலாவது இரட்டைப் பதிவு முறையில் வேலை செய்கிறது. பணம் எங்கிருந்தாவது வந்து எங்காவது போயாக வேண்டும். காற்றில் கரைந்தது என்று எழுத முடியாது. லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்டு விளக்கிய அதே முறைதான். இரண்டாவது, கையிலிருக்கும் பணத்தைத் தனித்தனிக் கவர்களில் பிரித்துப் போடுவதுபோல. முதலில் விற்பனைப் பொருளாக இருந்து, 2022-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது.

இவற்றை நேரடியாக நிறுவப் போனால்தான் வம்பு. ஃபயர்ஃப்ளைக்கு, அது எழுதப்பட்ட பிஎச்பி நிரல்மொழியில் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும், அதற்கான துணை நிரல்கள் வேண்டும், வெப் சர்வர் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும். அதே கணினியில் இருக்கும் இன்னொரு செயலி பழைய பிஎச்பியைக் கேட்கும். இரண்டையும் சமாதானப்படுத்தி முடிக்கும்போது இயங்குதளத்துக்கு அப்டேட் வரும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒரு செயலிக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மற்றவற்றோடு முட்டாமல் ஓடவிட்டால் என்ன? கன்டெய்னர் செய்வது அதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. அங்கே இருப்பது மற்றவற்றைப் போன்ற ஒரு ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். கண்பட்டை கட்டிய குதிரை மாதிரி, தனக்குக் காட்டப்படுவதை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. இதை நேரிலேயே பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கன்டெய்னருக்குள் நுழைந்து ப்ராசஸ் பட்டியலைக் கேட்டேன். டேட்டாபேஸ் 1-ஆம் எண்ணில் நின்றது. அதன் உலகில் அதற்கு முன்னால் யாருமே பிறக்கவில்லை. வெளியே வந்து அதே பட்டியலைக் கேட்டேன். அதே ப்ராசஸ் 2417-ஆம் எண்ணோடு, நூற்றுக்கணக்கான ப்ராசஸ்களுக்கு நடுவில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. இப்படி உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் என்று காட்டும் கெர்னல் வசதிக்குப் பெயர் நேம்ஸ்பேஸ். ப்ராசஸ் எண்ணுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, கோப்பு அமைப்புக்கு ஒன்று என்று பல நேம்ஸ்பேஸ்கள் உண்டு. எதைப் பார்க்கலாம் என்பதை இவை தீர்மானிக்கின்றன. எவ்வளவு தின்னலாம் என்பதைத் தீர்மானிப்பது சிகுரூப். 512 எம்பி நினைவகம்தான் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் கேட்டு அடம்பிடித்தால் கெர்னல் அந்த ப்ராசஸைத் தீர்த்துக்கட்டிவிடும்.

இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒரு ப்ராசஸுக்கு வேறொரு கோப்புறையையே மூலக் கோப்புறையாகக் காட்டி ஏமாற்றும் சிஎச்ரூட் 1979-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. லினக்ஸில் முதல் நேம்ஸ்பேஸ் 2002-இல். கூகுள் பொறியாளர்கள் எழுதிய சிகுரூப் 2008-இல் கெர்னலில் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஒரு மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசி கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் டாக்கர் என்ற கருவியைக் காட்டியபோது, அடியில் இருந்த பகுதிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்தவைதான். அவற்றை ஒரே கட்டளையில் அடக்கியது டாக்கரின் கெட்டிக்காரத்தனம்.

கெர்னல் பொதுவானது என்பதால் இது மெய்நிகர் கணினி அல்ல. தனியாக ஓர் இயங்குதளம் பூட் ஆக வேண்டியதில்லை. அதனால்தான் சில நொடிகளில் எழுந்துவிடுகிறது. ஆனால் பிராசஸர் வகை பொருந்த வேண்டும். இன்டெல் வகைக்குக் கட்டிய இமேஜை ஏஆர்எம் வகை பிராசஸர் கொண்ட பலகைக் கணினியில் ஓட்டினால் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

சரி, அந்த மூட்டை விஷயத்துக்கு வருவோம். மூட்டைக்கு இமேஜ் என்று பெயர். அது ஒரே கோப்பு அல்ல, அடுக்கடுக்கானது. அடியில் சிறிய லினக்ஸ் ஒன்று, அதன்மேல் பிஎச்பி, அதன்மேல் செயலி. ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலிருந்து பார்ப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். இந்தத் தாள்களில் யாரும் எழுத முடியாது. கன்டெய்னர் ஓடத் தொடங்கும்போது உச்சியில் ஒரு வெற்றுத் தாள் சேர்கிறது. கீழிருக்கும் கோப்பை மாற்ற வேண்டுமென்றால் அதன் நகல் மேல் தாளுக்கு ஏறி, அங்கே மாறுகிறது. கீழிருக்கும் கோப்பை நீக்கினால் உண்மையில் எதுவும் நீங்குவதில்லை. ‘இது இல்லை’ என்ற குறி மட்டும் மேலே ஒட்டப்படுகிறது. ஒரே இமேஜிலிருந்து பத்து கன்டெய்னர் ஓடினாலும் கீழ்த்தாள்கள் ஒரு தொகுதிதான்.

கன்டெய்னரை நீக்கும்போது அந்த மேல் தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். புதிய பதிப்பு வந்தால் செய்வதும் இதுதான்: பழைய கன்டெய்னரைப் பழுதுபார்ப்பதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புது இமேஜிலிருந்து இன்னொன்றை எழுப்புகிறோம். நான் இந்த வாரம் மூன்று முறை அழித்ததும் அதற்காகத்தான். கேள்வி இங்கேதான் வருகிறது. நேற்று போட்ட செலவுக் கணக்கும் அந்த மேல் தாளில்தானே எழுதப்பட்டிருக்கும்? ஆம், அப்படியே விட்டால் அங்கேதான் எழுதப்படும், அதோடு கிழிந்தும் போகும். அதனால் கன்டெய்னரின் சுவரில் ஒரு துளை போட்டு, டேட்டாபேஸ் எழுதும் கோப்புறையை மட்டும் வெளியே வட்டில் இருக்கும் ஓர் இடத்தோடு இணைக்கிறோம். அதுதான் வால்யூம். கன்டெய்னர் வரும், போகும். வால்யூம் இருந்த இடத்தில் இருக்கும்.

இப்போது என் கதை. டாக்கர் கம்போஸ் என்ற கருவி, யாமல் என்ற எளிய எழுத்து வடிவக் கோப்பில் எழுதியபடி எல்லாக் கன்டெய்னர்களையும் சேர்த்து எழுப்பும். ‘டவுன்’ என்றால் எல்லாவற்றையும் இறக்கி நீக்கும், வால்யூமைத் தொடாது. ‘டவுன்’ உடன் சிறுகோடு போட்டு ‘வி’ என்ற எழுத்தைச் சேர்த்தால் வால்யூமையும் சேர்த்து நீக்கும். ஏதோ ஓர் அமைப்பு சரியாக வரவில்லை என்று, எங்கோ படித்த கட்டளையை அப்படியே ஒட்டினேன். ‘நீக்கவா?’ என்றுகூட அது கேட்கவில்லை. செயலி பளபளவென்று புதிதாக எழுந்து, ‘வாருங்கள், முதல் கணக்கைத் தொடங்குங்கள்’ என்று வரவேற்றது. நான்கு மாதக் கணக்கு போன இடம் தெரியவில்லை. வங்கி அறிக்கைகளை வைத்து இரண்டு வார இறுதிகளில் மீண்டும் எழுதினேன். ரொக்கச் செலவுகள் போனவை போனவைதான்.

இதைவிட நயவஞ்சகமான ஒரு வழியும் இருக்கிறது. வால்யூமை இணைக்கும் கோப்புறையின் பெயரில் பிசகினால், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் இமேஜ் முறையிடாது. தானாகவே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உருவாக்கி அதில் எழுதிக்கொண்டே போகும். எல்லாம் நன்றாக ஓடும். அடுத்த முறை இறக்கி ஏற்றும்போது இன்னொரு பெயரில்லாத வால்யூம், காலியாக. பழையது வட்டில் எங்கோ கிடக்கும், தேடினால் கிடைக்கலாம். போஸ்ட்கிரெஸ் 18-லிருந்து அதிகாரபூர்வ இமேஜில் அந்தக் கோப்புறையின் இடமே மாறியிருக்கிறது என்பதால், பழைய யாமல் கோப்பை நம்பி ஒட்டக் கூடாது.

‘லேட்டஸ்ட்’ என்ற முத்திரையும் அப்படித்தான். பதிப்பு எண் போடாமல் டேட்டாபேஸ் இமேஜை ‘லேட்டஸ்ட்’ என்று எழுதிவைத்தால், ஒரு நாள் 16 போய் 17 வந்து நிற்கும். 16 எழுதிய கோப்புகளை 17 அப்படியே திறக்காது. தரவு அழியவில்லை, ஆனால் அந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கும். டேட்டாபேஸுக்குப் பெரும்பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதிவிடுங்கள்.

செயலி ஒரு கன்டெய்னரில், டேட்டாபேஸ் இன்னொன்றில். இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? கம்போஸ் இரண்டுக்கும் பொதுவாக ஒரு குட்டி நெட்வொர்க் அமைத்து, யாமலில் இட்ட பெயரையே முகவரியாக்குகிறது. டேட்டாபேஸுக்கு ‘டிபி’ என்று பெயர் வைத்தால், செயலி ‘டிபி’ என்று கூப்பிட்டால் போதும், 127.0.0.11-இல் டாக்கர் வைத்திருக்கும் டிஎன்எஸ் என்ற பெயர்-முகவரி ஏடு அதை ஐபி முகவரியாக மாற்றிக் கொடுக்கும். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ (இதே கணினி) என்று எழுதிவிட்டு மணிக்கணக்கில் திண்டாடுவார்கள். கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று பார்த்தோம் இல்லையா? அதனால் அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதுவேதான், பக்கத்து கன்டெய்னர் அல்ல. கடவுச்சொல்லிலும் ஒரு பொறி உண்டு: யாமலில் எழுதும் டேட்டாபேஸ் கடவுச்சொல், வால்யூம் காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அப்புறம் அங்கே மாற்றினால் டேட்டாபேஸ் காதில் போட்டுக்கொள்ளாது.

வெளியுலகத்துக்கு வழி விடுவது யாமலில் இருக்கும் போர்ட் வரி. போர்ட் என்பது நெட்வொர்க் கதவின் எண். ‘8080:8080’ என்று எழுதினால் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் கதவு திறந்துவிடும். யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடிவைத்திருந்தாலும் திறக்கும். டாக்கர் ஐபிடேபிள்ஸ் என்ற கெர்னல் வடிகட்டியில் எழுதும் விதிகள், உள்ளே வரும் தரவுப் பொட்டலம் அந்த மூடிய கதவை எட்டும் முன்பே அதைத் திசைதிருப்பிவிடுகின்றன. வாடகை சர்வரில் இது வினையாகும். முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட்டால் அந்தக் கணினிக்குள் மட்டும் திறக்கும். செயலிக்கு முன்னால் கேடி போன்ற ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை, அதாவது வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வாயில்காவலரை, நிறுத்தினால் எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக்சுவல் பட்ஜெட்டுக்கு இது அலங்காரம் அல்ல. அது கணக்கின் நகலை உலாவிக்குள்ளேயே வைத்து வேலை செய்வதால், பாதுகாப்பான இணைப்பில் மட்டும் உலாவிகள் அனுமதிக்கும் ஒரு வசதி அதற்குத் தேவை. கணக்கை இணையத்தில் திறந்தே வைக்க வேண்டாம் என்றால் வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாகப் போகலாம். என் வழி அதுதான். வெளியே ஒரு கதவும் இல்லை.

மிச்சம் இருப்பது பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் வால்யூமை அப்படியே நகலெடுப்பது, ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நோட்டைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுப்பதுபோல. முன்பக்கத்தில் பற்று இருக்கும், பின்பக்கத்தில் அதற்கான வரவு இருக்காது. அதனால் டேட்டாபேஸையே கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி டம்ப் என்ற கருவி ஒரே கணத்தின் நிலையை, நடுவில் யார் எழுதினாலும் கலங்காமல், ஒரு கோப்பாகக் கொடுக்கும். ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கும் அதேபோல ஒரு பேக்கப் கட்டளை உண்டு. என்னுடையது தினமும் பின்னிரவில் ஓடுகிறது. ஒரு நகல் வேறு வட்டுக்கும், பூட்டிய ஒரு நகல் வேறு ஊருக்கும் போகிறது. யாமல் கோப்பும் கடவுச்சொற்களும் கூடவே போகின்றன, அவை சில கேபிதான்.

சென்ற மாதம் அந்த பேக்கப் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பழைய மடிக்கணினியில் உட்கார்ந்தேன். டாக்கரை நிறுவி, யாமலை வைத்து, காலி டேட்டாபேஸை எழுப்பி, டம்பை உள்ளே கொட்டினேன். இமேஜ் இறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். இருப்புத் தொகை கடைசி இலக்கம் வரை பொருந்தியது. பட்டியலின் உச்சியில் முந்தைய இரவு நான் போட்ட பதிவு. குறிப்புக் கட்டத்தில் ‘எதற்கென்று நினைவில்லை’ என்று எழுதியிருந்தேன். அதுவும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.