ரிப்பென்டன்ஸ்: மனஸ்தாபமா, மனமாற்றமா, மனந்திரும்புதலா?

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பக்கம் ஞாயித்துக்கிழமை ஆராதனைல சாட்சி சொல்ல எழுந்திருக்கறவங்க நெறைய பேரு "நான் ரிப்பென்ட் பண்ணிட்டேன்"னு சொல்றத கேட்டிருப்பீங்க. சரி, அதுக்கு தமிழ்ல என்னப்பான்னு கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்வாங்க. வயசான கத்தோலிக்க ஆயாங்களுக்கு அது மனஸ்தாபம், பாவத்துக்கு வருந்தி மன்னிப்பு கேக்கற உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லியே வளந்தவங்க. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே ஆளுங்களுக்கு மனந்திரும்புதல். 1995ல வந்த திருவிவிலியம்ங்கற புது தமிழ் பைபிள் படிக்கறவங்களுக்கு மனம் மாறுறது. மூணும் ஒன்னுதானன்னு தோணும், ஆனா இல்ல.

இங்கிலீஷ் வார்த்தையோட வேர் லத்தீன்ல இருக்கு, பிரெஞ்சு வழியா வந்தது, அடிப்படை அர்த்தம் செஞ்சதுக்கு வருத்தப்படறது, அவ்ளோதான். ஆனா புதிய ஏற்பாடு எழுதினது கிரேக்கத்துல, அங்க இருக்கற வார்த்தை மெட்டனோயா, யோசிக்கற புத்தியே மாறிப்போறது. இயேசுவுக்கு முன்னாடி தீர்க்கதரிசிங்க பேசின எபிரெயத்துலயோ ஷூப், அதாவது திரும்பு, வந்த வழியே திரும்பி வா. நம்ம பாஸ்டருங்க யூ டர்ன் போடுன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்களே, கேட்டு கேட்டு சலிச்சுப்போச்சுதான், ஆனா எபிரெயத்த வச்சு பாத்தா கரெக்ட்டு.

இந்த வார்த்தைக்குள்ள ஒரு பெரிய சரித்திரமே இருக்கு. லத்தீன் பைபிள்ல மெட்டனோயாவுக்கு பதிலா போட்டிருந்த சொல்ல, பாவத்துக்கு பரிகாரம் செய்யுங்கன்னு ஜனங்க ரொம்ப காலம் புரிஞ்சுகிட்டாங்க. 1516ல எராஸ்மஸ்ங்கற அறிஞர் கிரேக்க புதிய ஏற்பாட்ட அச்சுல கொண்டுவந்தாரு, அடுத்த வருஷமே புராட்டஸ்டன்ட் சபைங்களுக்கு வழி போட்ட லூத்தர் தன்னோட 95 வாக்கியங்கள எழுதறாரு, அதுல முதல் வாக்கியமே இதப் பத்திதான்: இயேசு மனந்திரும்புங்கன்னு சொன்னப்போ விசுவாசியோட முழு வாழ்க்கையுமே மனந்திரும்புதலா இருக்கணும்னுதான் சொன்னாரு. 1518ல தன்னோட குருவுக்கு எழுதின கடிதத்துல, வேதத்துலயே கசப்பா இருந்த சொல்லு நீங்க சொன்னத கேட்டப்புறம் இனிப்பாயிடுச்சு, அப்புறம் பாத்தா மெட்டனோயாவோட அர்த்தமும் அதுக்கு ஒத்துப்போச்சுன்னு எழுதறாரு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடப்போயி ஒரு மனுஷன் எங்க போயி நின்னான் பாருங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். பழைய தமிழ் பைபிள்ல ரெண்டு எடத்த பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். இயேசுவ காட்டிக்குடுத்த யூதாஸ் முப்பது வெள்ளிக்காச தூக்கிப் போட்டுட்டு போறான் இல்ல, மத்தேயு 27ல அவன் "மனஸ்தாபப்பட்டு"ன்னுதான் இருக்கு. கிரேக்கத்துலயும் அங்க வேற வார்த்தைதான், மெட்டனோயா கிடையாது. மனசு வேகறது, தாபம்னா சூடு. அதே ராத்திரி இயேசுவ தெரியவே தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்ச பேதுருவுக்கு, சேவல் கூவறதுக்கு முன்னாடியே இயேசு சொல்லி வச்சது லூக்கா 22ல இருக்கு, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து". அந்த குணப்படறதுக்கு கிரேக்கத்துல திரும்பறதுன்னுதான் அர்த்தம். ரெண்டு பேருக்குமே வயிறு எரிஞ்சுது, ஒருத்தன் எரிச்சலோடயே போயிட்டான், இன்னொருத்தன் திரும்பி வந்தான். கடலோரத்து ஜனம் பேதுரு பேர்ல ராயபுரத்துல கோயில் கட்டி கும்புடறதுல ஆச்சரியமே இல்ல, அவரும் வலை போட்டவருதான், தப்பு பண்ணவருதான்.

மனஸ்தாபம்ங்கற வார்த்தைய இப்ப வெளில சொன்னா ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல பேச்சுவார்த்தை இல்லன்னு அர்த்தமாயிடுச்சு, அதனால அத மந்திரத்துக்குள்ளயே விட்டுடலாம். மனமாற்றம் நல்ல எளிமையான சொல், கிரேக்கத்துக்கு ரொம்ப கிட்ட, ஆனா மனசு எந்தப் பக்கம் வேணா மாறலாமே, நேத்து பிரியாணி வேணும்னவன் இன்னிக்கு வேணாங்கறதும் மாற்றம்தான.

தமிழ்ல நமக்குன்னே ஒரு சொல் இருக்கு, திருந்தறது. "அவன் திருந்திட்டான்பா"ன்னு நம்ம தெருவுல சொன்னா அதுக்கு மேல சர்டிபிகேட் வேணாம். திருந்திழைன்னு சங்கப்பாட்டுல வருது, நல்லா செப்பமா செஞ்ச நகைன்னு அர்த்தம், திருத்தம், திருத்தறது எல்லாம் இதே குடும்பம். வள்ளுவரும் வினைத்தூய்மைல "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று"ங்கறாரு, பின்னாடி வருத்தப்படற மாதிரி எதையும் செய்யாத, செஞ்சுட்டியா, மறுபடி அந்த மாதிரி செய்யாத. ஆனா திருந்தறத ஒருத்தன் தனியாவே செய்யலாம். திரும்பறதுக்கு ஒரு எடமும், அங்க ஒரு ஆளும் வேணும். இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதைல, அப்பாவோட சொத்த அழிச்சுட்டு பன்னி மேய்க்கப் போன பையன் புத்தி தெளிஞ்சதும் பன்னித்தொழுவத்துலயே உக்காந்து நல்லவனாயிடல, எழுந்து அப்பாகிட்ட போனான். அதனால என்னக் கேட்டா கிறிஸ்தவ அர்த்தத்துக்கு மனந்திரும்புதல்தான் சரி, அதோட பலன் வெளில தெரியறதுக்கு திருந்தினான்.

ஒரே நாள்ல ஆயிடுமான்னா, ஆகாது. ஜான் நியூட்டன்னு ஒரு இங்கிலாந்து கப்பக்காரர், 1748 மார்ச்ல கிரேஹவுண்ட் கப்பல் புயல்ல மாட்டினப்போ கடவுள கூப்ட்டாரு, அந்த நாள தன் மனந்திரும்புதலோட தொடக்கமா கடைசி வரைக்கும் நெனச்சு வச்சிருந்தாரு. ஆனா அதுக்கப்புறமும் அடிமை யாவாரத்துலயே இருந்தாரு, கேப்டனாவே ஆனாரு, 1754ல கடல விட்டதும் மனசாட்சி உறுத்தி இல்ல, உடம்பு முடியாம. 1764ல பாதிரியாரானாரு, 1788லதான் அந்த யாவாரத்த எதிர்த்து பகிரங்கமா எழுதறாரு, நான் அதுல கைகோத்திருந்தத நெனச்சா இப்ப நெஞ்சு நடுங்குதுன்னு. புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவுல நாப்பது வருஷம். 1807ல பிரிட்டன்ல அந்த யாவாரத்த தடை பண்ற சட்டம் வந்துச்சு, அதே வருஷம் டிசம்பர்ல அவரும் போயிட்டாரு.

இன்னொன்னு, கன்வெர்ஷன்னு ஒரு வார்த்தையும் இதோட சேத்து குழப்பிக்கறாங்க. அதோட லத்தீன் வேரும் திரும்பறதுதான், ஆனா பேப்பர்ல வந்தா அது மதமாற்றம். மதமாற்றம் ரிஜிஸ்டர்ல எழுதற விஷயம். ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கி இருவது வருஷமாகியும் மனந்திரும்பாதவங்க நம்ம தெருவுலயே இருக்காங்க, பேர் சொன்னா சண்டைக்கு வருவாங்க.