சொல்லுக்கு எடை போட்டவர்: கேரன் ஸ்பார்க் ஜோன்ஸும் தேடுபொறியின் கணக்கும்

தேடல் பெட்டியில் 'நீலகிரி வரையாடு எண்ணிக்கை' என்று தட்டினால் கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. மூன்று சொல்லும் உள்ள பக்கம் முதலில் வருவதில் வியப்பில்லை. இரண்டு சொல் மட்டும் உள்ள பக்கங்கள் எத்தனையோ இருக்கும். அவற்றில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது? வரையாடு என்பது பாறைச் சரிவில் மேயும் விலங்கு என்று கணினிக்குத் தெரியாது. நீலகிரி ஒரு மாவட்டம் என்றும் தெரியாது. பொருள் தெரியாமலேயே சரியாக வரிசைப்படுத்த ஒரு வழி உண்டு. 1972இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அந்த வழியை எழுதி வைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். தினமும் அவருடைய கணக்கின் பலனை அனுபவிக்கும் நம்மில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் 1935இல் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர், தாய் நார்வே நாட்டவர். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் அவர் படித்தது வரலாறு. பிறகு ஓராண்டு தத்துவம். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். கணினியில் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. 1950களின் பிற்பகுதியில் மார்கரெட் மாஸ்டர்மேன் நடத்திவந்த கேம்பிரிட்ஜ் மொழி ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். மனித மொழியை இயந்திரத்துக்குப் புரிய வைக்க முடியுமா என்று துளை அட்டைகளை வைத்துக்கொண்டு முயன்ற சிறு குழு அது. 1958இல் கணினி ஆய்வாளர் ரோஜர் நீடமை மணந்தார். ஒத்த பொருள் உள்ள சொற்களை இயந்திரமே இனம் பிரிப்பது எப்படி என்பதுதான் 1964இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு. அது நூலாக வெளிவர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து ஆவணத் தேடல் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை புரியும். ஒரு நிபுணர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அது எதைப் பற்றியது என்று சில குறிச்சொற்களை எழுதி வைப்பார். கேள்வியோடு வருபவர் தனக்கு வேண்டிய சொற்களைக் கொடுப்பார். எத்தனை சொல் பொருந்துகிறது என்று எண்ணி, அதிகம் பொருந்துவதை முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்பு.

ஒத்த சொற்களைக் குழுவாகக் கட்டிவிட்டால் தேடல் மேம்படும் என்றுதான் ஸ்பார்க் ஜோன்ஸ் முதலில் எண்ணினார். கேட்டவர் ஒரு சொல்லைச் சொல்லி, ஆவணம் வேறு சொல்லைச் சொன்னாலும் குழு வழியே பிடித்துவிடலாம் அல்லவா? சோதித்துப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. அடிக்கடி வரும் சொற்களைக் குழுவில் சேர்த்தால் சம்பந்தமில்லாத ஆவணங்கள் கொத்துக் கொத்தாக உள்ளே வந்தன. அரிதாக வரும் சொற்களை மட்டும் சேர்த்தபோது பலன் இருந்தது. அப்படியானால் அடிக்கடி வரும் சொற்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் கூடாது. கேட்பவர்களும் அந்தச் சொற்களைக் கொண்டுதானே கேட்கிறார்கள்! எறிந்தால் தேவையான ஆவணங்களும் கைநழுவிப் போகும். எறியாமல், எடையைக் குறைத்தால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் 10,000 ஆவணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'எண்ணிக்கை' 1,000 ஆவணங்களிலும், 'நீலகிரி' 100 ஆவணங்களிலும், 'வரையாடு' 10 ஆவணங்களிலும் வருகின்றன. மொத்தத்தை அந்தந்த எண்ணால் வகுத்தால் முறையே 10, 100, 1,000 கிடைக்கும். இவற்றின் மடக்கையை, அதாவது எத்தனை 10களைப் பெருக்கினால் அந்த எண் வரும் என்பதை, எடுத்தால் 1, 2, 3. இவைதான் எடைகள். (அவர் 2இன் அடுக்குகளைக் கொண்டு கணக்கிட்டார். மனக்கணக்குக்கு வசதியாக நான் 10ஐ எடுத்துக்கொண்டேன்.)

இப்போது இரண்டு ஆவணங்கள். முதலாவது, நீலகிரித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் எண்ணிக்கை பற்றியது. அதில் 'நீலகிரி', 'எண்ணிக்கை' இரண்டும் உண்டு. இரண்டாவது, ஆனைமலையில் வரையாடுகளைக் கணக்கெடுத்தது பற்றியது. அதில் 'வரையாடு', 'எண்ணிக்கை' இரண்டும் உண்டு. பழைய முறையில் இரண்டுக்கும் ஆளுக்கு 2 மதிப்பெண், சமன். புதிய முறையில் முதலாவதற்கு 2+1, அதாவது 3. இரண்டாவதற்கு 3+1, அதாவது 4. கேட்டவருக்கு வேண்டிய வரையாட்டு ஆவணம் மேலே வந்துவிட்டது. வரையாடு என்றால் என்ன என்று யாரும் கணினிக்குச் சொல்லித் தரவில்லை.

மடக்கை எதற்கு, நேரடியாக 10, 100, 1,000 என்றே வைத்துக்கொண்டால் என்ன? அப்படி வைத்தால் ஓர் அரிய சொல் மட்டுமே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. 'வரையாடு' ஆயிரத்தில் ஓர் ஆவணத்தில் வருகிறது, 'எண்ணிக்கை' பத்தில் ஒன்றில். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக ஒரே ஆவணத்தில் வர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது நம் தொகுப்பில் ஒரே ஓர் ஆவணம். நிகழ்தகவுகளைப் பெருக்குவதும் அவற்றின் மடக்கைகளைக் கூட்டுவதும் ஒன்றுதான். அந்த 4 என்ற மதிப்பெண், 'இது தற்செயலாக நடக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு' என்பதன் அளவு. நிஜத்தில் சொற்கள் இப்படித் தனித்தனியாக நடமாடுவதில்லை. நீலகிரியும் வரையாடும் சேர்ந்தே வரும். இருந்தும் இந்தத் தோராயம் ஐம்பது ஆண்டுகளாக நன்றாகவே வேலை செய்கிறது.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் உயிர் சூத்திரத்தில் இல்லை, அதன் பின்னால் இருக்கும் பார்வையில் இருக்கிறது. ஒரு சொல் எவ்வளவு துல்லியமானது என்பதை அதன் பொருளை வைத்து முடிவு செய்வதுதான் அதுவரை வழக்கம். 'விலங்கு' பொதுவானது, 'வரையாடு' குறிப்பானது என்று அகராதி சொல்லும். ஸ்பார்க் ஜோன்ஸ் அதைப் புள்ளிவிவரமாகப் பார்க்கச் சொன்னார். சொல்லின் எடை சொல்லுக்குள் இல்லை, அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாளிதழ்க் கட்டுரைகளின் நடுவே 'மடக்கை' என்ற சொல் தங்கம். கணித ஆசிரியர்களின் பாடக்குறிப்புகள் நடுவே அதற்கு மதிப்பே இல்லை, எல்லாப் பக்கத்திலும் கிடக்கும். பொருளையே ஆராய்ந்து பல ஆண்டுகள் கழித்த ஒருவரிடமிருந்து இப்படி ஒரு முடிவு வந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓர் ஆவணத்துக்குள் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதும் முக்கியம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1957இலேயே சொல்லியிருந்தார். அந்த எண்ணிக்கையையும் ஸ்பார்க் ஜோன்ஸின் எடையையும் பெருக்கினால் கிடைப்பதுதான் டி.எஃப்-ஐ.டி.எஃப் (டி.எஃப் அந்த எண்ணிக்கை, ஐ.டி.எஃப் அந்த எடை). அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்ட்டன் குழுவினர் இந்த இணைப்பைப் பரவலாக்கினார்கள். 1976இல் ஸ்டீபன் ராபர்ட்சனுடன் சேர்ந்து ஸ்பார்க் ஜோன்ஸ் இதற்கு நிகழ்தகவு அடித்தளம் போட்டார். அந்த வழியில் வளர்ந்ததுதான் பி.எம்.25. இன்று எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்கள் இயல்பாகவே பயன்படுத்தும் வரிசைமுறை அது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் பதில் சொல்வதற்கு முன் ஆவணங்களைத் தேடி எடுக்கும் இடத்திலும் பல அமைப்புகளில் பி.எம்.25 இருக்கிறது.

இவ்வளவு செய்தவருக்குப் பல்கலைக்கழகம் என்ன கொடுத்தது? பல்லாண்டுகள் ஆய்வு நிதி வரும்வரை மட்டுமே நீடிக்கும் தற்காலிக ஒப்பந்தங்கள். 1974 முதல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில் வேலை செய்தார். கணவர் நீடம் 1980இல் அதே ஆய்வகத்தின் தலைவரானார். ஸ்பார்க் ஜோன்ஸ் பேராசிரியரானது 1999இல், 1972 கட்டுரை வெளிவந்து 27 ஆண்டுகள் கழித்து. மூன்றே ஆண்டுகளில், 2002இல், ஓய்வு பெற்றார். கணினித் துறை மிக முக்கியமானது, அதை ஆண்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில் இந்த அனுபவமும் இருந்திருக்க வேண்டும். 2007இல் பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் லவ்லேஸ் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று புற்றுநோயால் காலமானார்.

அவர் விடாப்பிடியாக நின்ற இன்னொரு விஷயம் சோதனை. 1972 கட்டுரையில் அவர் கையாண்டவை சில நூறு ஆவணங்கள் கொண்ட சிறு தொகுப்புகள். ஒரு முறை நன்றாக வேலை செய்கிறது என்று சொல்ல அது போதாது என்பது அவருக்கே தெரியும். எல்லா ஆய்வாளர்களும் ஒரே ஆவணங்கள், ஒரே கேள்விகளைக் கொண்டு தங்கள் முறைகளை ஒப்பிட வேண்டும் என்று 1970களிலேயே திட்டம் வகுத்தார். அமெரிக்கத் தர நிறுவனம் 1992இல் தொடங்கிய, தேடல் முறைகளை ஒப்பிடும் ட்ரெக் மாநாடுகள் அந்த ஆசையைப் பெரிய அளவில் நிறைவேற்றின.

தமிழில் இந்தக் கணக்கைப் போடுபவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வரையாடு, வரையாடுகள், வரையாட்டின், வரையாட்டுக்கு என்று ஒரே சொல் பன்மையும் வேற்றுமையும் ஏற்று வெவ்வேறு வடிவம் எடுக்கும். கணினி இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணினால் ஒவ்வொரு வடிவமும் உண்மையில் இருப்பதைவிட அரிதாகத் தோன்றும், எடை பொய்யாக ஏறும். அதோடு 'வரையாடு' என்று தேடுபவருக்கு 'வரையாட்டின்' என்று மட்டும் எழுதிய கட்டுரை கிடைக்கவே கிடைக்காது. தட்டச்சுப் பிழைகள் இன்னும் மோசம். ஒரே ஆவணத்தில் வரும் பிழைச் சொல்லுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக எடை! அதனால் தமிழ்த் தேடலில் ஒட்டுகளைக் களைந்து வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். எடை போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.