இன்டரப்ட்: இடையூறா, இடையழைப்பா?

"சேர், இடையூறு வந்தா இயங்குதளம் அத எப்புடி நிப்பாட்டும்?"

ஹட்டனில் என்னிடம் உயர்தரம் படிக்கும் மாணவி போன வாரம் கேட்டாள். இந்தத் தவணையில் இதே கேள்வி வருவது மூன்றாம் தடவை. விசைப்பலகை போன்ற ஒரு சாதனம், 'என்னைக் கவனி' என்று செயலிக்குக் கொடுக்கும் சைகைதான் இன்டரப்ட். அவள் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தில் அந்தச் சொல் வரவேண்டிய இடமெல்லாம் 'இடையூறு'. அதைக் கவனிக்கும் நிரல் 'இடையூறு கையாளி'. பிள்ளையில் பிழை இல்லை. இடையூறு என்றால் நிப்பாட்டத்தானே வேண்டும்?

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே, 'ரும்பரே' என்றால் முறித்தல். கணினியில் முறிவது செயலியின் ஓட்டம். அதுவும் சற்று நேரந்தான். விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, வந்த வேலையைப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இதைச் செயலிக்கு வந்த தொல்லை என்று நினைப்பதுதான் கோளாறு. தொல்லையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடே. ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸில் பெல் அடித்தால் சாரதி அதை இடையூறு என்பாரா? பெல் இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் "இறங்க ஆள் இருக்கா?" என்று கேட்டுக்கேட்டுத்தான் ஓட்டவேண்டும். கணினியில் அப்படிச் சுற்றிச்சுற்றிக் கேட்பதற்குப் பெயர் போலிங். நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு, எக்ஸ்1 என்ற கணினியின் இன்டரப்டுகளை ஒழுங்காகக் கையாளும் நிரலைப் பற்றியதுதான். அந்த நிரல் இன்டரப்டை ஒழிக்க வந்ததில்லை, வரவேற்க வந்தது.

தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இடையூறுக்கு வக்காலத்து வாங்குகிறார். ஊறு என்றால் தொடுதல் என்றும் பொருளாம். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றமென்று' என்ற 27ஆம் குறளில் அது தொடு உணர்வுதானே, இடையில் வந்து தொடுவது இடையூறு ஆகாதா என்கிறார். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் அதே வள்ளுவர் 676ஆம் குறளில் 'முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும்' என்கிறார். அங்கே முழுச் சொல்லாகவே நிற்கிறது, பொருள் தடை. தனியே நிற்கும் ஊறுக்கு என்ன பொருள் இருந்தாலும், இடையோடு சேர்ந்தபின் தமிழ்க் காதில் விழுவது தீங்குதான். ஒரு சொல்லைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் புதுப் பொருள் கொடுத்துவிட்டு, கேட்பவரும் அப்படியே கழற்றிக் கேட்கவேண்டும் என்றால் நடக்குமா?

குறுக்கீடு என்பாரும் உண்டு. மலைக்குப் பின்னால் வானொலி கரகரப்பதற்கு அது பொருந்தும், இதற்கு இல்லை. இடைமறிப்பு என்றால் வழியில் நின்று தடுப்பது. அதுவும் வேண்டாம்.

நான் கரும்பலகையில் எழுதியது 'இடையழைப்பு'. தூய தமிழ் என்பதற்காக அல்ல. 'இன்டரப்ட்' என்றே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை, பொருள் கெடாது. ஆனால் இடையழைப்பு என்று எழுதிய கையோடு அந்தப் பிள்ளை, "அப்ப கூப்புட்டது யாருன்னு எப்புடித் தெரியும் சேர்?" என்றாள். இடையூறு என்று படித்த இத்தனை நாளில் ஒருவருக்கும் வராத கேள்வி.

பதிலுக்கு எங்கள் தோட்டத்துக் கடிதக் கதையைச் சொன்னேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத காலம். கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். பெயர் பார்த்து உரியவரிடம் சேர்ப்பதோடு ஒபிசின் வேலை முடிந்தது, பிரித்துப் படிக்கவேண்டியது உரியவர். எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நாலாம் நாள் கைக்கு வந்தது, உறையும் பிரிந்திருந்தது.

கணினியில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல்தான் ஒபிஸ். எந்த இணைப்பிலிருந்து அழைப்பு என்று பார்ப்பது, செயலியின் நிலையைக் காப்பது, அழைப்புகளைச் சேர்த்துச் செயலிக்கு அனுப்பும் இன்டரப்ட் கன்ட்ரோலர் சில்லுக்கு ஒப்புதல் சொல்வது எல்லாம் அதன் பாடு. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் அப்படி இரண்டு 8259 சில்லுகள், ஒவ்வொன்றிலும் 8 இணைப்புகள். ஒன்று இரண்டாம் சில்லைக் கோர்க்கப் போக மிச்சம் 15. விசைப்பலகைக்கு 1ஆம் எண். ஆனால் வந்த எழுத்தை விசைப்பலகையிலிருந்து எடுப்பது, வலை அட்டையின் நிலைப் பதிவேட்டைப் படித்து அழைப்பை அடக்குவது, இவை அந்தந்தச் சாதனத்தை அறிந்த டிரைவர் என்ற நிரலின் வேலை. கேர்னல் அந்த உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால், புது அட்டை வரும்போதெல்லாம் கேர்னலையே திருத்தவேண்டி வரும்.

டிரைவரை அந்தப் புத்தகம் 'சாதன சாரதி' என்கிறது. பஸ்ஸுக்குச் சாரதி சரி. இங்கே 'இயக்கி' என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறதே! அகராதியைத் திறந்தவர் கணினியையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

ஒரே இணைப்பைப் பல சாதனங்கள் பகிரும்போது ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தைப் பார்த்து 'என்னுடையது' அல்லது 'என்னுடையதில்லை' என்று சொல்லவேண்டும். லினக்ஸில் 1,00,000 அழைப்புகளில் 99,900க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால், கேர்னல் அந்த இணைப்பையே மூடிவிட்டு 'நோபடி கேர்ட்' என்று பதிவு செய்யும். கூப்பிட்டும் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை என்று நான் வகுப்பில் சொன்னேன். அந்தப் புத்தகக்காரர் கையில் கிடைத்தால், 'இடையூறை யாரும் பொருட்படுத்தவில்லை' என்று நல்ல செய்திபோல எழுதிவிடுவார்.