பக்கத்து இருக்கையிலிருந்து பரவும் உற்சாகம்

நான்கு நாள் கிரிக்கெட் ஆட்டம். இரண்டு தொழில்முறை அணிகளின் வீரர்களுக்கும் கையடக்கக் கணினி கொடுத்திருந்தார்கள். 'இப்போது மனம் எப்படி இருக்கிறது?' என்பதற்கு நாளுக்குப் பலமுறை அதில் மதிப்பெண் போட வேண்டும். உளவியலாளர் பீட்டர் டாட்டர்டெல் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. அணியினர் உற்சாகமாக இருந்த வேளைகளில் தனி வீரரின் மனமும் உற்சாகமாக இருந்தது. தான் நன்றாக ஆடுவதாகவும் அவருக்குத் தோன்றியது. ஜெயிக்கிற அணி சிரிக்கத்தானே செய்யும் என்பீர்கள். ஆட்டத்தின் போக்கைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டும் அந்தத் தொடர்பு மறையவில்லை. எனக்கு இந்த ஆய்வு பிடித்துப்போனதே அதனால்தான்.

மனநிலை எந்த வழியாகப் பரவுகிறது? முதல் வழி முகம். சுவீடனில் உல்ஃப் டிம்பெர்க் குழுவினர் சிரித்த முகம் ஒன்றை வெறும் 30 மில்லிவிநாடி காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகத்தால் அதை மறைத்தார்கள். சிரிப்பைக் கண்டதே பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் உதட்டோரத்தை மேலே இழுக்கும் கன்னத் தசையில் மின் அதிர்வு பதிவானது. இப்படி முகத்தையும் குரலையும் தோரணையையும் நாம் அறியாமலே நகலெடுக்கிறோம். அந்த அசைவுகள் நம் உணர்வையும் சற்றே திருப்புகின்றன என்கிறார் உளவியலாளர் எலைன் ஹாட்ஃபீல்ட். முகம் மட்டும் செய்யும் மாற்றம் சிறியதுதான். ஆனால் அலுவலகத்தில் அதே முகங்களை நாள் முழுக்கப் பார்க்கிறோமே!

ஆய்வாளர் சிகால் பார்சேட் 2002இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் மேலாளர்களாக அமர்ந்து ஊழியர்களுக்கு போனஸ் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர், பயிற்சி பெற்ற நடிகர். பேச்சைத் தொடங்குபவரும் அவரே. அவர் இனிமையாக இருந்த குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, பூசல் குறைந்தது. துள்ளலான உற்சாகம்தான் என்றில்லை, அமைதியான கனிவும் தொற்றியது. அதிகம் பேசாத சக ஊழியர்களைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல மனநிலை எல்லாவற்றையும் கூட்டிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005இல் வெளியான ஒரு சோதனையில், கண்ணைக் கட்டிக்கொண்டு கூடாரம் அமைக்க 56 குழுக்களிடம் சொன்னார்கள். தலைவருக்கு மட்டும் முன்கூட்டியே சிரிப்பூட்டும் காட்சியையோ மனதை வருத்தும் காட்சியையோ காட்டியிருந்தார்கள். மகிழ்ச்சியான தலைவரின் குழு ஒருவரோடொருவர் இசைந்து வேலை செய்தது. வருத்தத்தில் இருந்தவரின் குழுவோ அதிக உழைப்பைப் போட்டது.